பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடலாமா? (மூன்றரை வயது, மேல் முன்பற்கள்)

நிலாமுற்றம் (திருச்சி), திங்கள் இரவு 11:10

தோழிகளுக்கு வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசித்துவிட்டு மட்டும் போவேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகனுக்கு மூன்றரை வயது. போன ஞாயிறு மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். காக்காவைப் பார்த்து அண்ணாந்து சிரித்தான். வெயில் நேராக வாய்க்குள் விழுந்தது. மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு கோடு. நடுப் பல் ஒன்றில் ஓரம் உதிர்ந்து பள்ளமே விழுந்திருக்கிறது. தினமும் குளிப்பாட்டி, சோறூட்டி, கொஞ்சுகிற எனக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? இரும்புச்சத்து டானிக் கொடுத்த கறையாக இருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வயது வரை இரவில் பாட்டிலில் சர்க்கரை போட்ட பால். குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான். பல் தேய்ப்பது காலையில் மட்டும், அதுவும் அவனே. பாதி நாள் பேஸ்டைச் சப்பிவிட்டு ஓடிவிடுவான்.

அத்தையிடம் காட்டினேன். "பால் பல்லுதானேம்மா, விழுந்து முளைக்கப் போவுது. அதுக்குப் போய் பிள்ளையை ஏன் வதைக்கணும்" என்கிறார். அவர் பிள்ளைகள் இருவரையும் அப்படித்தான் வளர்த்தார், அதனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தெருமுனையில் இருக்கும் பல் டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார். இன்னொருவர் வலி வரும்வரை காத்திருங்கள் என்றார். யார் பேச்சைக் கேட்பது? புதிய பல் நன்றாக முளைக்குமா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

---

காவிரிக்கரை (கும்பகோணம்), திங்கள் இரவு 11:48

நிலா, முதலில் அழுகையை நிறுத்துங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தவள். காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

பெரியவளுக்கு நான்கு வயதில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சின்னதாக ஒரு கருப்புப் புள்ளி. எங்கள் வீட்டிலும் இதே "விழுகிற பல்தானே". ஐந்தரை வயதில், தீபாவளிக்கு முந்தின இரவு, கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிவிட்டது. காய்ச்சல் வேறு. ஊரே வெடி வெடித்துக்கொண்டிருக்க, திறந்திருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடி ஆட்டோவில் அலைந்தோம். ஆன்டிபயாடிக் கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு அந்தப் பல்லை எடுத்தார்கள்.

எடுத்ததோடு முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. பின்னால் ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல் மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து காலி இடத்தைப் பிடித்துக்கொண்டது. பதினொரு வயதில் அங்கே வரவேண்டிய நிலைப்பல்லுக்கு இடம் இல்லை, பக்கவாட்டில் கோணலாக எட்டிப் பார்த்தது. இப்போது பதின்மூன்று வயதில் கிளிப் போட்டிருக்கிறாள். பல்லை எடுத்த அன்றே அந்த இடத்தைக் காப்பதற்கு ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டியிருக்கலாமாம். யாரும் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

---

பல்லாங்குழி (கோவை), செவ்வாய் காலை 6:30

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்து விளக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

மேல் முன்பற்கள் நான்கும் கெட்டு, கீழ் முன்பற்கள் வெள்ளையாக இருக்கின்றனவா? அப்படியென்றால் அது பாட்டில் சொத்தையின் அடையாளம். குழந்தை பாட்டிலோடு தூங்கும்போது நாக்கு முன்னே வந்து கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. கீழே எச்சில் சுரப்பியும் பக்கத்தில் இருக்கிறது. மேல்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. இனிப்புப் பால் அவற்றைச் சுற்றி இரவெல்லாம் தேங்கி நிற்கிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைந்துவிடும். பல்லில் பூச்சி எதுவும் கிடையாது. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. அவ்வளவுதான் சொத்தை.

டானிக் கறை பற்றிக் கேட்டீர்கள். அது பல்லின் மேல் கருப்பாகப் படிவது. பல் வழவழப்பாகவே இருக்கும், பள்ளம் விழாது. உங்கள் மகனுக்குப் பள்ளம் இருப்பதால் இது சொத்தைதான்.

அத்தையின் பேச்சில் பாதி உண்மை. முன்பற்கள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு வரை அந்தப் பல்லில்தான் குழந்தை சோறு மெல்லப் போகிறது. அதோடு, புதிய பல்லின் கரு பால் பல்லின் வேருக்கு அடியிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலே சீழ் கட்டினால் கீழே இருக்கும் பல் வெள்ளைத் திட்டோடோ பழுப்புத் திட்டோடோ, சில நேரம் குழி விழுந்து முளைக்கும். எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் "விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கணக்குப் போட முடியாது.

பிடுங்குவதும் காத்திருப்பதும் மட்டுமே வழி என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிறைய இருக்கிறது.

ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கலான வெள்ளைக் கோடு, பள்ளம் இல்லை என்றால் அது சொத்தையின் முதல் படி. இந்தக் கட்டத்தில் பல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃப்ளோரைடு என்ற தாது கலந்த வார்னிஷ் பூசுவோம், இரவில் தேய்ப்பதை ஒழுங்கு செய்வோம். பள்ளம் விழுந்து வலி இல்லாமல் இருந்தால் அடைக்கலாம். அல்லது சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்துச் சொத்தையை அங்கேயே நிறுத்தலாம். ஊசி இல்லை, ரம்பம் போன்ற சத்தம் இல்லை, ஒரு நிமிட வேலை. நரம்பு வரை போயிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போடுவோம். ஈறில் கொப்புளம், பல் ஆட்டம் என்று முற்றிப்போன பல்லை மட்டும்தான் எடுப்போம்.

வலி வரும்வரை காத்திருக்கச் சொன்னதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மூன்றரை வயதுக் குழந்தைக்கு "பல் வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாக மெல்லும், சோற்றை வாயிலேயே அடக்கி வைத்திருக்கும், இரவில் காரணம் தெரியாமல் எழுந்து அழும். நாம் "சாப்பிட அடம்" என்று நினைத்துக்கொள்வோம்.

---

நிலாமுற்றம், செவ்வாய் பிற்பகல் 2:15

டாக்டர், கீழ்ப்பற்கள் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. சோற்றை அடக்கி வைப்பது என்று எழுதியதைப் படித்து உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு மாதமாக அவனை அதற்காகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

முல்லைக்கொடி (நாகர்கோவில்), செவ்வாய் பிற்பகல் 3:02

என் மகளுக்கு ஒன்றேகால் வயது. பாட்டில் பழக்கமே இல்லை, தாய்ப்பால்தான். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து குடிப்பாள். இதனாலும் சொத்தை வருமா? நிறுத்திவிடட்டுமா?

---

பல்லாங்குழி, செவ்வாய் இரவு 9:20

நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், நானும் அதையே சொல்வேன். ஒரு வயதுக்குப் பிறகு பகலில் பிஸ்கட், பழம், சோறு எல்லாம் சாப்பிடுகிறார்கள் அல்லவா? அந்த உணவு பல்லில் ஒட்டியிருக்க, தேய்க்காமல் படுத்து, அதன் மேல் இரவெல்லாம் பால் என்றால்தான் பயம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லைத் தேய்த்துவிட்டுப் பால் கொடுங்கள்.

நிலா, உங்கள் இரவு வேலையையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்காருங்கள். நம் பாட்டிமார் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார்களே, அந்த இடம்தான். தலை உங்கள் மடியில், முகம் மேலே பார்த்தபடி. இடது கை விரலால் மேலுதட்டைத் தூக்குங்கள். மேலுதட்டின் உட்புறம், நடுவில் ஒரு தசைமடிப்பு இருக்கும், அதன் மேல் பிரஷ் இடிக்காமல் உங்கள் விரலை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். பல குழந்தைகள் கத்துவது அது இடிபடுவதால்தான். சின்னத் தலையுள்ள மிருதுவான பிரஷ். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சின்னச் சின்ன வட்டம். இரண்டு நிமிடம். முதல் வாரம் அழுவான். அழும்போது வாய் நன்றாகத் திறக்கும், நீங்கள் பதறாமல் தேய்த்து முடியுங்கள்.

குழந்தையே தேய்க்கட்டும், காலையில். இரவு உங்கள் கைதான். ஏழு எட்டு வயதில் ஷூ லேஸைத் தானே முடிச்சுப் போடும் அளவுக்கு விரல் பழகும்வரை இது பெற்றவர்கள் வேலை.

பேஸ்ட் மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு. மூன்றுக்கு மேல் பட்டாணி அளவு. ஃப்ளோரைடு இருக்கும் பேஸ்ட். பெட்டியில் பிபிஎம் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், ஃப்ளோரைடு எவ்வளவு என்று சொல்வது அது, 1000-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நம் நாட்டில் பேஸ்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சமும் அதுதான். பொம்மைப் படம் போட்ட குழந்தைப் பேஸ்ட் பலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது.

---

தகடூரான் (தருமபுரி), புதன் காலை 7:45

மன்னிக்கவும், இந்த இடத்தில் எனக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. டாக்டர் கோபிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவன். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தேன். என் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கல்லூரிக்கு வெளியூர் போன பிறகுதான் அது எல்லாருக்கும் இருப்பதில்லை என்று தெரிந்தது. போட்டோ எடுத்தால் வாயை மூடிக்கொள்வேன். பெண் பார்க்கப் போனபோது பல் தேய்க்க மாட்டானோ என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு முதுகும் முழங்காலும் மடங்காமல் இறுகிவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குழாயில் வராத நாளில் பழைய போர்வெல்தான். எனக்கு இரண்டு வயதில் மகள். ஃப்ளோரைடு என்ற சொல் இருக்கும் எதையும் அவள் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் வாங்குகிறேன். தப்பா?

---

பல்லாங்குழி, புதன் இரவு 10:05

தம்பி, கோபமே இல்லை. நீங்கள் கேட்டது மிக நியாயமான கேள்வி. நான் படித்த காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முகாமுக்கு வந்திருக்கிறேன். வகுப்பறையில் பிள்ளைகள் கையால் வாயை மறைத்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

முதலில் ஒரு கணக்கு. 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்டில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. அரிசி அளவு பேஸ்ட் ஏறக்குறைய ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதில் இருப்பது 0.1 மில்லிகிராம். உங்கள் மகள் அதை முழுக்க விழுங்கினாலும் அவ்வளவுதான். இப்போது தண்ணீருக்கு வாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால், சமையலில் சேர்ந்தால், உடம்புக்குள் போவது 3 மில்லிகிராம். ஒருமுறை தேய்க்கும் பேஸ்டில் இருப்பதைப்போல் முப்பது மடங்கு. உங்கள் பல்லில் கோடு போட்டது அது.

இரண்டும் வேலை செய்யும் விதமும் வேறு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரை, ரத்தத்தில் கலந்து போகும் அதிகப்படி ஃப்ளோரைடுதான் எனாமலை, அதாவது பல்லின் கெட்டியான மேலுறையை, கெடுக்கிறது. ஏற்கெனவே முளைத்துவிட்ட பல்லில் புதிதாகக் கோடு விழாது. பேஸ்டில் இருப்பதோ முளைத்த பல்லின் மேலே இருந்து வேலை செய்கிறது. அமிலத்தில் கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பல்லில் படிய வைக்கிறது. அதனால் விழுங்காமல் துப்பினாலும் பலன் குறைவதில்லை.

ஆகவே உங்கள் ஊரில் பயப்பட வேண்டியது பேஸ்டுக்கு அல்ல, தண்ணீருக்கு. அந்தப் போர்வெல் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் செய்வார்கள். இந்தியத் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆர்.ஓ. வையுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி மிஞ்சியதில் அது இன்னும் கூடிவிடும். எத்தனையோ தாய்மார் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். குளிக்க, துவைக்கப் பயமில்லை.

தண்ணீர் சரியாக இருந்தால் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்டைத் தயங்காமல் வையுங்கள். தண்ணீரில் அளவு மிகுதி என்று சோதனையில் வந்தால், அந்தத் தாளோடு ஒரு பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பேஸ்டை முடிவு செய்யுங்கள். பேஸ்டை எப்போதும் நீங்களே பிதுக்கி வையுங்கள், டியூபைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், உங்கள் பல்லுக்கும் இப்போது வழி இருக்கிறது. கோடுகளின் ஆழத்தைப் பொறுத்து மேலாக மெருகேற்றியோ, பூச்சு வைத்தோ மறைக்கலாம். போய்க் காட்டுங்கள்.

---

தகடூரான், வியாழன் காலை 6:50

இந்தக் கணக்கை எங்களுக்கு இதற்கு முன் யாரும் போட்டுக் காட்டியதில்லை. நன்றி டாக்டர். சனிக்கிழமை பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன்.

---

வேம்புநிழல் (சிவகங்கை), வியாழன் காலை 9:30

எல்லாரும் பேஸ்ட் பேஸ்ட் என்கிறீர்கள். என் ஆத்தா எண்பத்திரண்டு வயதில் கரும்பு கடித்தார். ஆயுசுக்கும் வேப்பங்குச்சியும் உப்பும் கரியும்தான். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? குழந்தைக்கும் மூலிகைப் பல்பொடி போதும் என்பது என் கருத்து. என் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறேன்.

---

காவிரிக்கரை, வியாழன் காலை 11:12

அண்ணா, உங்கள் ஆத்தா இரவில் சர்க்கரைப் பால் பாட்டிலோடு தூங்கியிருக்க மாட்டார். காலையில் கூழ், மதியம் சோறு, நடுவில் எதுவும் இல்லை. பத்து மணிக்கு கிரீம் பிஸ்கட், நாலு மணிக்கு கேக், ஏழு மணிக்கு மாவு கலந்த பால் என்று ஒருநாளும் இருந்திருக்காது. குச்சி காப்பாற்றியதா, அந்தச் சாப்பாடு காப்பாற்றியதா?

---

பல்லாங்குழி, வியாழன் இரவு 9:40

காவிரிக்கரை என் வேலையை முடித்துவிட்டார். வேம்புநிழல் அண்ணா, வேப்பங்குச்சியை மென்று பக்குவமாகத் தேய்க்கத் தெரிந்த பெரியவர்களை நான் தடுப்பதில்லை. மூன்று வயதுக் குழந்தையின் கடைவாய்க்கு அந்தக் குச்சி போகாது. கரியும் உப்பும் கரடுமுரடானவை. பால் பல்லின் எனாமல் நிலைப்பல்லைவிட மெல்லியது, சீக்கிரம் தேய்ந்துவிடும். பொடிதான் வேண்டும் என்றால் அதோடு இரவில் ஃப்ளோரைடு பேஸ்டும் சேரட்டும்.

உணவு பற்றிச் சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். ஒவ்வொரு முறை இனிப்போ மாவுப் பண்டமோ வாயில் போகும்போதும் அரை மணி நேரத்துக்கு மேல் வாயில் அமிலம் நிற்கும். அப்புறம் எச்சில் அதைச் சரி செய்யும். ஒரு லட்டை ஒரே மூச்சில் தின்றால் ஒரு தாக்குதல். ஒரு பாக்கெட் பிஸ்கட்டை மாலை முழுக்கக் கொறித்தால் எச்சிலுக்கு மூச்சுவிடவே நேரமில்லை. அதனால் எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்று எண்ணுங்கள். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நடுவில் சுண்டல், வேர்க்கடலை (நான்கு வயதுக்குக் கீழ் என்றால் நசுக்கி), தேங்காய்ச் சில், மோர், வெள்ளரி. கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் பல்லுக்குச் சர்க்கரைதான். இருமல் சிரப்பிலும் சர்க்கரை உண்டு. படுக்கும் முன் கொடுத்தால் வாயைத் துடைத்துவிடுங்கள்.

தேன் நிப்பிள் இன்னும் கடைகளில் தொங்குகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது, பல்லுக்காக மட்டும் அல்ல, அதனால் பச்சிளம் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தான ஒரு நச்சுநோய் வரக்கூடும்.

---

பனங்காடு (கிளாஸ்கோ), வெள்ளி அதிகாலை 2:25

யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்கொட்லாந்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். இங்கே நேசரியில் ஒவ்வொரு நாளும் ரீச்சர் முன்னால் எல்லாப் பிள்ளைகளும் பல் தேய்ப்பார்கள். சைல்ட்ஸ்மைல் என்ற அரச திட்டம். பிள்ளையின் பிரஷில் அடையாளப் படம் ஒட்டியிருக்கும், என் மகனுக்கு ஆமை. தேய்த்த பிறகு நுரையைத் துப்ப மட்டும் சொல்வார்கள், தண்ணீரால் கொப்பளிக்க விடமாட்டார்கள். பேஸ்டின் மிச்சம் பல்லில் தங்கினால்தான் பலனாம். நான் முதலில் அதை ஊத்தை என்று நினைத்து வீட்டில் கொப்பளிக்க வைத்தேன், மகன்தான் திருத்தினான்.

எங்கட ஊரில் முதல் பல் தெரிந்தவுடன் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை நடுவில் இருத்தித் தலையில் கொட்டுவோம். அம்மம்மா, மாமி எல்லாரும் வந்துவிடுவார்கள். மகளுக்கு இங்கே செய்தபோது ஒரு காரியம் செய்தேன். வந்தவர்கள் முன்னிலையில் அவளுடைய முதல் பிரஷை எடுத்து அந்த ஒற்றைப் பல்லை அம்மம்மா கையாலேயே தேய்க்க வைத்தேன். அந்த வாரமே பல் டொக்டரிடம் பதிவும் செய்தேன். முதல் பல்லுக்கு இவ்வளவு கொண்டாட்டம் செய்கிற சனம் நாங்கள், அதைக் காக்கிற வேலையையும் அன்றைக்கே தொடங்கலாம் என்று தோன்றியது.

---

சிட்டுக்குருவி (விருதுநகர்), வெள்ளி பிற்பகல் 1:10

அங்கன்வாடிப் பணியாளர் நான். பனங்காடு எழுதியதைப் படித்து ஏக்கமாக இருந்தது. எங்கள் மையத்தில் இருபத்திரண்டு குழந்தைகள். பிரஷ் வைக்க இடம், தண்ணீர், ஆள் எதுவும் போதாது. என்னால் முடிந்தது, சத்துமாவு உருண்டை சாப்பிட்டதும் வரிசையாக நிறுத்தி வாய் கொப்பளிக்க வைப்பது. பாட்டு ஒன்று கட்டியிருக்கிறேன், அது முடியும்வரை கொப்பளிக்க வேண்டும்.

நிறையப் பெற்றோருக்குத் தெரியாத ஒன்று. ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். அவர்கள் பார்க்கும் பட்டியலில் பல்லும் உண்டு. குழு வரும் நாளில் குழந்தையை லீவு போடாதீர்கள். "என் பிள்ளை பல்லையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தனியாரில் செலவு தாங்காதவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. நிலா அக்காவுக்குப் புதுக்கோட்டை பக்கம்தானே.

---

முல்லைக்கொடி, வெள்ளி இரவு 8:33

இடையில் ஒரு அவசரக் கேள்வி. அக்கா மகன், ஏழு வயது, சைக்கிளிலிருந்து விழுந்து புதிய முன்பல் முழுதாகக் கையில் வந்துவிட்டது!!

---

பல்லாங்குழி, வெள்ளி இரவு 8:36

பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் இருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ சில விநாடி அலசி, அதே குழியில் திரும்பப் பொருத்தி, துணியை மடித்துக் கடிக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மயக்கம், வாந்தி இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி.

மற்றவர்களுக்கு: பால் பல் இப்படி விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது, கீழே இருக்கும் கருவைக் குத்திவிடும்.

---

முல்லைக்கொடி, வெள்ளி இரவு 11:50

பாலில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பொருத்திக் கம்பி கட்டியிருக்கிறார்கள். பிடிக்குமா என்று போகப் போகத்தான் தெரியுமாம். கைகால் இப்போதுதான் நடுக்கம் நின்றது. நன்றி டாக்டர்.

---

நிலாமுற்றம், மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:20

எல்லாரும் தனிச்செய்தியில் விசாரித்தீர்கள். விவரமாக எழுதிவிடுகிறேன்.

தனியாரில் கேட்ட தொகை எங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டியது. சிட்டுக்குருவி சொன்னபடி அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அத்தையும் வந்தார். எக்ஸ்ரே எடுத்து, அந்த டாக்டரம்மா அத்தையை அருகில் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். பால் பல்லின் வேருக்கு மேலே, எலும்புக்குள், மொட்டு மாதிரி புதிய பல் உட்கார்ந்திருந்தது. அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது இப்பவே உள்ள இருக்குதா" என்று இரண்டு முறை கேட்டார். அதற்குப் பிறகு விழுகிற பல் என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை.

பள்ளம் விழுந்த நடுப் பல்லில் நரம்பு வரை போயிருந்தது. அதற்கு வேர் சிகிச்சை. பிடுங்கவில்லை. மற்ற மூன்றுக்கும் அந்த வெள்ளித் திரவம். தொட்டு வைத்த இடம் கரியாகிவிட்டது. முன்பே சொல்லித்தான் செய்தார்கள். சொத்தை செத்துவிட்டதன் அடையாளம் அந்தக் கருப்பு என்று விளக்கினார்கள், ஆறு மாதத்தில் மறுபடி பூச வேண்டும். உதட்டு ஓரத்தில் பட்ட கறை ஒரு வாரத்தில் போய்விட்டது. பள்ளியில் ஒரு பையன் "உனக்குக் கருப்புப் பல்" என்றானாம். "என் பல்லுக்கு டாக்டர் காவல் போட்டிருக்கார்" என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். அத்தை சொல்லிக் கொடுத்தது.

பின்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றிலும் சொத்தை இருந்தது, எனக்குத் தெரியவே தெரியாது. அடைத்துவிட்டார்கள். சோற்றை வாயில் அடக்குவது அதோடு நின்றுவிட்டது. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது. வலித்துக்கொண்டிருந்த பிள்ளையை நான் அதட்டியிருக்கிறேன்.

இரவுப் பால் இப்போது டம்ளரில், சர்க்கரை இல்லாமல், எட்டு மணிக்கு. முதல் நான்கு நாள் பெரிய போராட்டம். பல் தேய்ப்பது அத்தையின் மடியில். காலில் போட்டுக் குளிப்பாட்டிய பழக்கம் அவருக்குக் கைவந்தது, என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொள்கிறார். ஒன்றாம் தேதி ஆனால் டார்ச் அடித்து உதட்டைத் தூக்கி எல்லாப் பல்லையும் நான் பார்த்துவிடுவேன், காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

டாக்டர், ஒரே ஒரு கேள்வி. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும் என்றார்கள். அதையும் இப்போதிருந்தே கவனிக்க வேண்டுமா?

---

பல்லாங்குழி, ஞாயிறு இரவு 9:55

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்தப் பல்லைத்தான் பலர் பால் பல் என்று நினைத்துக் கோட்டை விடுகிறார்கள். அது நிலைப்பல், கடைசி வரை இருக்க வேண்டியது. மேற்பரப்பில் ஆழமான வரிகள் இருக்கும், உணவு சிக்கும். முழுதாக வெளியே வந்ததும் அந்த வரிகளை மூடி சீலன்ட் வைக்கச் சொல்லுங்கள், வலியில்லாத சின்ன வேலை. அவனுக்கு ஐந்தரை வயதானதும் ஒன்றாம் தேதி டார்ச் அடிக்கும்போது, கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு வீங்கி வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.